பேதம்: ஒரு சொல்லும் அதன் எழுவாயும்

(பண்டிதர் அயோத்திதாசர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பண்டிதரின் நினைவில் பேச அழைத்திருக்கிறீர்கள். அவருடைய வாழ்க்கை வரலாற்றை இங்கே முழுவதுமாகச் சொல்லப் போவதில்லை. அவர் இடைவிடாமல் கையாண்ட ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 'பேதம்' என்பது அந்தச் சொல். வித்தியாசத்தைக் குறிக்கும் சாதாரணச் சொல்தானே, இதில் பேச என்ன இருக்கிறது என்று தோன்றலாம். நம்மைப் பற்றி எழுதப்படும் காவல்துறை அறிக்கையிலும், பத்திரிகைச் செய்தியிலும், நீதிமன்றத் தீர்ப்பிலும் வித்தியாசத்தைக் குறிக்க எந்தச் சொல் வருகிறது என்பதைப் பொறுத்துத்தான் குற்றவாளி யார் என்பதே முடிவாகிறது. அதனால்தான் இந்தச் சொல்.

1. நான்கு சொற்கள்

தமிழில் வித்தியாசத்தைச் சொல்ல நமக்குப் பல சொற்கள் உண்டு. வேறுபாடு, வேற்றுமை, பாகுபாடு, பேதம் ஆகிய நான்கை எடுத்துக்கொள்வோம். ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டுப் பலரும் எழுதுகிறார்கள். ஆனால் அவை ஒரே வேலையைச் செய்வதில்லை.

வேறுபாடு என்பது இரண்டு பொருள்கள் ஒன்றுபோல் இல்லை என்பதை மட்டும் சொல்கிறது. மாமரத்துக்கும் புளியமரத்துக்கும் இடையே இருப்பது வேறுபாடு. அதை யாரும் செய்யவில்லை. அது தானாக இருக்கிறது.

வேற்றுமை என்பதும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஆனால் தமிழ் இலக்கணத்தில் அதற்கு இன்னொரு பொருள் இருக்கிறது. பெயர்ச்சொல் உருபு ஏற்று வாக்கியத்தில் என்ன நிலையில் நிற்கிறது என்பதைக் காட்டுவது வேற்றுமை. 'முதலாளி அடித்தான்' என்பதும் 'முதலாளியை அடித்தான்' என்பதும் ஒன்றல்ல. செய்தவர் யார், செய்யப்பட்டவர் யார் என்று நமக்குச் சொல்லிக்கொடுப்பது வேற்றுமை இலக்கணம். இந்தப் பொருளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

பாகுபாடு என்பது பகுத்தலிலிருந்து வந்த சொல். ஒரு பொருளை வகை வகையாகப் பிரிப்பதற்கு முன்பு இச்சொல்லைப் பயன்படுத்தினார்கள். இன்று ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்து அநீதியாக நடத்துவதற்கு அதையே சொல்கிறோம். பகுப்பவர் ஒருவர் இல்லாமல் பாகுபாடு இல்லை.

பேதம் வடமொழியிலிருந்து வந்தது. அதன் வேர் பிளப்பதையும் உடைப்பதையும் குறிக்கிறது. பழைய அரசியல் நூல்கள் சாமம், பேதம், தானம், தண்டம் என்று நான்கு உபாயங்களைச் சொல்லும். அங்கே பேதம் என்றால் எதிரியின் அணியை உள்ளிருந்து பிளப்பது. ஒன்றாக இருந்ததை இரண்டாக்கும் திட்டமிட்ட வேலை அது. ஆகவே சாதிபேதம் என்று சொல்லும்போது, அந்தச் சொல்லின் அடியிலேயே ஒரு பிளவும், பிளந்த ஒரு கையும் இருக்கின்றன.

நம் மக்களின் பேச்சு இதை எப்போதும் சரியாகவே சொல்லிவந்திருக்கிறது. 'அவர் சாதி பார்ப்பார்', 'அந்த வீட்டில் பேதம் பார்ப்பார்கள்' என்கிறோம். பார்ப்பது ஒரு செயல். அதற்கு ஒரு ஆள் உண்டு. படித்தவர்களின் எழுத்துக்கு வரும்போதுதான் அந்த ஆள் காணாமல் போய்விடுகிறார். 'சாதி வேறுபாடுகள் நிலவுகின்றன' என்று எழுதுகிறோம். நிலவு நிலவுவதுபோல அதுவும் நிலவுகிறது.

2. கல்லில் வெட்டிய வித்தியாசம்

இந்த ஆளற்ற எழுத்து நேற்று வந்ததல்ல. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களில் வரி இல்லாத நிலங்களை அவை பட்டியலிடுகின்றன. ஊர்நத்தம், கோயில், குளம், வாய்க்கால், சுடுகாடு என்று போகும் அந்தப் பட்டியலில் பறைச்சேரி, கம்மாணச்சேரி, தீண்டாச்சேரி ஆகிய சொற்களும் வருகின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே 'தீண்டா' என்பது அரசு ஆவணத்தில் இடம்பெற்ற சொல்.

அந்தச் சொல்லின் இலக்கணத்தைக் கவனியுங்கள். தீண்டாச்சேரி. யார் தீண்டாத சேரி? யாரை யார் தீண்டவில்லை? கல்வெட்டு அதைச் சொல்வதில்லை. தீண்ட மறுத்தவரின் செயல், தீண்டப்படாதவர் வாழும் நிலத்தின் பெயராகிவிட்டது. குளமும் வாய்க்காலும் இருப்பதுபோல் தீண்டாச்சேரியும் இருக்கிறது. எழுதியவருக்கு அதில் விளக்க வேண்டிய எதுவும் இல்லை. அது வரிக்கணக்கின் ஒரு வரி.

சேரி என்ற சொல்லுக்கும் இதுவே நடந்தது. பழந்தமிழில் சேரி என்பது மக்கள் சேர்ந்து வாழும் இடம். பார்ப்பனச்சேரியும் உண்டு. பிற்காலத்தில் ஊர் என்பது ஒரு பக்கமும் சேரி என்பது இன்னொரு பக்கமும் ஆனது. ஊர் முழுமை என்றும் சேரி ஒட்டு என்றும் ஆனது. சேரி இழிவுச் சொல்லாகிவிட்டது என்று அரசாங்கம் காலனி என்றது. சில பத்தாண்டுகளில் காலனியும் அதே இழிவைச் சுமந்தது. 2025 ஏப்ரலில் காலனி என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்போவதாகச் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் பெயரை மாற்றிக்கொண்டே போகிறோம், பிரிக்கும் கை அப்படியே இருக்கிறது. அது இருக்கும்வரை புதிய பெயரும் பழையதாகும்.

3. பண்டிதர் செய்த மாற்றம்

இங்கேதான் பண்டிதர் வருகிறார். 1845-இல் பிறந்து 1914-இல் மறைந்தவர். இயற்பெயர் காத்தவராயன். தம் ஆசிரியரின் பெயரைத் தமக்குச் சூட்டிக்கொண்டவர். சித்த மருத்துவர், தமிழ்ப் புலவர், பத்திரிகையாளர். 1898-இல் கொழும்பு சென்று பௌத்தம் தழுவித் திரும்பிச் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907 ஜூன் 19-இல் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கினார். ஓராண்டில் அது 'தமிழன்' ஆனது. சாகும்வரை அதை நடத்தினார். ஞான. அலாய்சியஸ் தொகுத்து 1999-இல் பாளையங்கோட்டையிலிருந்து அவருடைய எழுத்துகள் வெளிவந்த பிறகுதான் நம்மில் பலருக்கு அவரை நேரடியாகப் படிக்க முடிந்தது. அதற்கு முன் முக்கால் நூற்றாண்டுக்கும் மேல் அவர் பொதுத் தமிழ் வரலாற்றில் இல்லாதவர்.

அந்த எழுத்துகளைப் புரட்டினால் இரண்டு தொடர்கள் திரும்பத் திரும்ப வரும். ஒன்று 'சாதிபேதமுள்ள திராவிடர்'. மற்றொன்று 'சாதிபேதமற்ற திராவிடர்'. சாதிபேதமற்ற திராவிடர் என்று அவர் சொன்னது அன்று பறையர் என்றும் பஞ்சமர் என்றும் அழைக்கப்பட்ட மக்களை.

இதன் பொருளை நிதானமாகப் பாருங்கள். அன்றைய வழக்கில் வித்தியாசம் யாருடைய உடம்பில் ஒட்டியிருந்தது? தீண்டப்படாதவர் என்றால் அவரிடம்தான் ஏதோ இருக்கிறது என்று பொருள். பஞ்சமர் என்றால் நான்கு வருணத்துக்கும் வெளியே ஐந்தாவதாக ஒட்டிக்கொண்டவர் என்று பொருள். எல்லாப் பெயர்களும் ஒடுக்கப்பட்டவரையே வித்தியாசமானவராகக் காட்டின. மற்றவர் இயல்பானவர். அவருக்குத் தனிப் பெயர் தேவையில்லை. அவர்தான் ஊர்.

பண்டிதர் அதை அப்படியே திருப்பிவைத்தார். அவர் கணக்கில் வித்தியாசம் யாரிடம் இருக்கிறது? சாதி பார்க்கிறவரிடம். பேதம் 'உள்ளவர்' அவர்தான். நம் மக்கள் பேதம் 'அற்றவர்'. நோய் உள்ளவர், நோய் அற்றவர் என்று ஒரு மருத்துவர் பிரிப்பதுபோல அவர் பிரித்தார். அடையாளக்குறி சேரியின் நெற்றியிலிருந்து எடுக்கப்பட்டு அக்கிரகாரத்தின் நெற்றியிலும் ஊர்த்தெருவின் நெற்றியிலும் வைக்கப்பட்டது. பேதத்துக்கு ஒரு எழுவாய் கிடைத்தது.

இதற்குப் பின்னால் அவருக்கு ஒரு வரலாற்றுப் பார்வை இருந்தது. இந்த நாடு பௌத்த நாடாக இருந்தது, அறத்தில் நின்றவரே யதார்த்த பிராமணர், பின்னால் வேடமிட்டு வந்தவர் வேஷ பிராமணர், சாதியை உண்டாக்கியவர்கள் அவர்கள், அந்த வேஷத்தை ஊருக்குப் பறைந்தவர்களையே பறையர் என்று இழித்தார்கள் என்பது அவர் வாதம். 'இந்திரர் தேச சரித்திரம்' இந்த வாதத்தை விரிவாகச் சொல்லும் நூல். அதன் ஒவ்வொரு சொற்பிறப்பு விளக்கத்தையும் இன்றைய வரலாற்றாய்வாளர் ஏற்கமாட்டார். ஏற்க வேண்டிய அவசியமும் இல்லை. அந்த வாதத்தின் முதுகெலும்பு வேறு: சாதிக்கு ஒரு தொடக்கம் உண்டு, தொடங்கியவர் உண்டு, ஆகவே முடிவும் உண்டு. இயற்கையாக இருப்பதை ஒழிக்க முடியாது. செய்யப்பட்டதை ஒழிக்கலாம்.

இது வெறும் எழுத்து விளையாட்டாக நிற்கவில்லை. 1891-இல் நீலகிரியில் கூடிய திராவிட மகாஜன சபையின் மாநாட்டுத் தீர்மானங்களைப் பாருங்கள். பறையர் என்று இழிவாகச் சொல்லி அவமதிப்பவரைத் தண்டிக்கச் சட்டம் வேண்டும் என்றார்கள். சிறையில் பறையர் கைதிகளுக்கு இழிந்த வேலை தரும் விதியை நீக்க வேண்டும் என்றார்கள். கல்வியும் வேலையும் கேட்டார்கள். முதல் கோரிக்கையில் மறுபடி அந்த இலக்கணத்தைப் பார்க்கலாம். 'எங்கள் இழிவை நீக்குங்கள்' என்று அவர்கள் கேட்கவில்லை. 'இழிவுபடுத்துகிறவரைத் தண்டியுங்கள்' என்று கேட்டார்கள்.

4. பெயரை ஏற்பதா, மறுப்பதா

அதே காலத்தில் வேறொரு வழியும் இருந்தது. இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் ஒரு பத்திரிகை தொடங்கினார். அதற்கு 'பறையன்' என்றே பெயர் வைத்தார். இழிவாகச் சொல்லும் பெயரை நாமே தலைநிமிர்ந்து சொல்லிக்கொண்டால் அதன் கூர் மழுங்கும் என்பது அவர் நிலை. பண்டிதர் இதை ஏற்கவில்லை. எதிரி வைத்த பெயரை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்பது அவர் கேள்வி. உறவினர்களான இருவரும் இதில் கடுமையாக மோதிக்கொண்டார்கள்.

இருவரில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. உலகெங்கும் ஒடுக்கப்பட்ட மக்கள் இந்த இரண்டு வழிகளையும் கையாண்டிருக்கிறார்கள். இரண்டின் இலக்கும் ஒன்று: பெயர் சூட்டும் அதிகாரத்தைப் பறிப்பது. 1922-இல் எம்.சி. ராஜாவின் முயற்சியால் சென்னைச் சட்டசபை ஒரு தீர்மானத்தை ஏற்று, பறையர், பஞ்சமர் ஆகிய பெயர்களுக்கு மாற்றாக ஆதி திராவிடர், ஆதி ஆந்திரர் என்ற பெயர்களை அரசுப் பதிவில் கொண்டுவந்தது. 1924-இல் அதே சபையில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் பொதுச் சாலையிலும் பொதுக் கிணற்றிலும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்றது. முதலாவது பெயரைப் பற்றியது. இரண்டாவது நடக்கும் கால்களைப் பற்றியது. இரண்டு ஆண்டு இடைவெளியில் இரண்டும் வந்தது தற்செயல் இல்லை. பெயர் மாறினால் பாதையும் திறக்க வேண்டும் என்பதை அந்தத் தலைமுறை அறிந்திருந்தது.

'தலித்' என்ற சொல் மராத்தியிலிருந்து நமக்கு வந்தது. 1972-இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் தோன்றியபின் பரவியது. அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டித் தமிழில் வேர்பிடித்தது. பாமாவின் 'கருக்கு' 1992-இல் வந்தது. தலித் என்றால் உடைக்கப்பட்டவர், பிளக்கப்பட்டவர். பேதம் என்றால் பிளத்தல் என்று முன்பு பார்த்தோம். பண்டிதர் பிளக்கும் செயலைப் பெயராகச் சொன்னார். தலித் என்ற சொல் பிளவுக்கு ஆளானவரைச் சொல்கிறது. இரண்டையும் சேர்த்து வைத்தால் மீதமிருக்கும் கேள்வி ஒன்றுதான்: பிளந்தவர் யார்?

5. பண்டிதரின் எல்லை

நினைவுச் சொற்பொழிவு என்பதால் புகழ்ச்சி மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. பண்டிதரின் எழுத்தில் ஒரு கடினமான இடம் இருக்கிறது.

தாழ்ந்தவர் வேறு, தாழ்த்தப்பட்டவர் வேறு என்று அவர் பிரித்தார். இந்தப் பிரிப்பின் ஒரு பாதி நமக்குப் பெரிய கொடை. தாழ்த்தப்பட்டவர் என்ற சொல்லில் தாழ்த்தியவரின் நிழல் இருக்கிறது. ஆனால் மறுபாதியில் அவர் சிலரை உண்மையிலேயே தாழ்ந்தவர் என்று வைத்தார். பஞ்சமர் என்ற ஒரே பெயரின்கீழ் தம் மக்களைக் குறவர், வில்லியர், சக்கிலியர், தோட்டி ஆகியோருடன் சேர்ப்பதை அவர் எதிர்த்தார். அப்படி எதிர்க்கும்போது, பேதத்தை உண்டாக்கியவர் யார் என்ற தம்முடைய கேள்வியையே அவர் அந்த மக்களுக்காகக் கேட்கவில்லை. அருந்ததியர் தரப்பு எழுத்தாளர்கள் இதைக் கடுமையாக விமர்சித்திருக்கிறார்கள். அந்த விமர்சனம் நியாயமானது. பண்டிதரைப் போற்றுகிற மேடைகளில் அதைப் பேசாமல் ஒதுக்குவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

இதிலிருந்து நமக்கு ஒரு பாடம் கிடைக்கிறது. 1936-இல் லாகூர் மாநாட்டுக்காக எழுதி, அங்கே பேச விடாததால் தாமே அச்சிட்டு வெளியிட்ட 'சாதி ஒழிப்பு' உரையில் அண்ணல் அம்பேத்கர் சாதியின் அமைப்பை விளக்குகிறார். சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே பிரிக்கிறது, அதுவும் ஒருவர்மேல் ஒருவராக அடுக்கிப் பிரிக்கிறது என்பது அவர் கருத்து. வெறும் வித்தியாசம் பக்கவாட்டில் இருக்கும். சாதி மேல்கீழாக இருக்கிறது. ஏணியில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் மிதிக்க இன்னொருவர் கீழே இருக்கிறார். ஏணியின் அடியில் நிற்பவரும் தமக்குக் கீழே ஒரு படியைத் தேடும்படி இந்த அமைப்பு பழக்குகிறது. பண்டிதரைப் போன்ற கூர்மதியாளரும் அதிலிருந்து முழுவதும் தப்பவில்லை என்றால், நாம் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும்!

6. சட்டத்தின் சொற்கள்

விடுதலைக்குப் பிறகு வித்தியாசத்தைக் குறிக்கும் சொற்கள் சட்டப் புத்தகத்துக்கு வந்தன. மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றை மட்டும் காரணமாகக் கொண்டு அரசு எந்தக் குடிமகனிடமும் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது அரசமைப்பின் 15-ஆம் பிரிவு. 29-ஆம் பிரிவு அரசுக் கல்வி நிலையங்களில் சாதி முதலிய காரணங்களுக்காக மட்டும் இடம் மறுக்கக்கூடாது என்கிறது.

இந்தச் சொற்கள் யாருக்காக எழுதப்பட்டன என்று நினைக்கிறீர்கள்? முதலில் அவற்றைக் கையில் எடுத்தவர் யார் தெரியுமா? சென்னை மாகாணத்தில் வகுப்புவாரி அரசாணை நடப்பிலிருந்தது. கல்லூரியில் ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, பட்டியல் சாதியினருக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறித்தவருக்கும் சேர்த்து 1, இஸ்லாமியருக்கு 1. செண்பகம் துரைராஜன் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். சாதியின் காரணமாகத் தமக்கு இடம் மறுக்கப்படுகிறது என்பது வாதம். உயர் நீதிமன்றமும், 1951-இல் உச்ச நீதிமன்றமும் அந்த வாதத்தை ஏற்று அரசாணையைச் செல்லாதென்றன. நூற்றாண்டுகளாகப் பள்ளிக்கூட வாசலில் நின்றவர்களுக்கு 14-இல் 2 கிடைத்தது, உள்ளே இருந்தவர்களுக்கு எதிரான அநீதி என்று ஆனது.

தமிழகம் கொந்தளித்தது. அதே 1951-இல் அரசமைப்பின் முதல் திருத்தம் வந்து 15(4) சேர்க்கப்பட்டது. சமூக நிலையிலும் கல்வியிலும் பின்தங்கியோருக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் சிறப்பு ஏற்பாடு செய்ய மேற்சொன்ன பிரிவுகள் தடையில்லை என்றது அது.

இந்த வழக்கின் பாடத்தை மாணவர்கள் மனதில் வைக்க வேண்டும். வித்தியாசத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வரலாற்றை உருவிவிட்டால் அது யாருக்கும் ஆயுதமாகும். பிளந்தவரும் பிளக்கப்பட்டவரும் அதன்முன் ஒன்றாகிவிடுவார்கள். இடஒதுக்கீட்டையே 'சாதிப் பாகுபாடு' என்று இன்றும் சிலர் சொல்வது இப்படித்தான் சாத்தியமாகிறது. 'நான் சாதி பேதம் பார்ப்பதில்லை' என்று ஒருவர் பெருமையாகச் சொல்வதும் இதன் இன்னொரு முகம். பார்ப்பதா வேண்டாமா என்று தேர்ந்துகொள்ளும் வசதி அவருக்கு இருக்கிறது. வாடகைக்கு வீடு தேடி அலையும் நம் மாணவருக்கு அந்த வசதி இல்லை. பண்டிதர் சொன்ன சாதிபேதமற்ற நிலை வேறு, பார்க்காததுபோல் இருக்கும் இந்த நிலை வேறு.

அரசமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அந்தச் சொல்லுக்கு அரசமைப்பு விளக்கம் தரவில்லை, மேற்கோள் குறிக்குள் வைத்தது. நாடே அறிந்த ஒரு நடப்பை அந்தக் குறி சுட்டியது. 1955-இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. 1976-இல் அது திருத்தப்பட்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் பெற்றது. 1989-இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது.

இந்தக் கடைசிச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு எப்படித் தொடங்குகிறது என்பதைச் சட்டம் படிக்கும் தோழர்கள் அறிவார்கள். பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராத எவரொருவர் இன்னின்ன செயல்களைச் செய்தாலும் என்று அது தொடங்குகிறது. எழுவாய் முதலிலேயே வந்துவிடுகிறது. செய்தவரை அவருடைய சாதி நிலையோடு சேர்த்து இந்தியச் சட்டம் அங்கே அடையாளம் காட்டுகிறது. அந்த வாக்கியத்தைப் படிக்கும்போதெல்லாம் 'சாதிபேதமுள்ளவர்' என்ற பண்டிதரின் சொல் எனக்குக் கேட்கிறது. 2015-இல் வந்த திருத்தம் பொதுவெளியில் சாதிப் பெயரைச் சொல்லி ஏசுவதைத் தனிக் குற்றமாகச் சேர்த்தது. நீலகிரியில் அந்தக் கோரிக்கை எழுந்தது 1891-இல். இடையில் 124 ஆண்டுகள்.

அந்தச் சட்டத்தை நீர்த்துப்போகச் செய்ய வேண்டும் என்று ஏன் இவ்வளவு குரல்கள் எழுகின்றன என்பதும் இதனால் விளங்கும். பிரச்சினையெல்லாம் அந்த எழுவாய்தான்.

7. சுவரும் செய்தியும்

மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் ஊருக்கும் தலித் குடியிருப்புக்கும் நடுவே நீண்ட சுவர் ஒன்று நின்றது. 1989 கலவரத்துக்குப்பின் எழுப்பப்பட்டது. பாதுகாப்புக்காகக் கட்டிய சுவர், உடன்பாட்டின் பேரில் கட்டிய சுவர் என்று எழுப்பிய தரப்பு சொன்னது. சுவர் என்ற அளவில் அதற்குச் சாதி இல்லை. அதைத் 'தீண்டாமைச் சுவர்' என்று பெயரிட்டு அழைத்தபோதுதான் நாடு அதைப் பார்த்தது. 2008 மே 6-ஆம் நாள் அதன் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. கடப்பாறைக்கு முன்பே ஒரு சொல் அந்தச் சுவரில் விரிசல் விட்டிருந்தது.

எதிர்த்திசையிலும் சொல் வேலை செய்யும். 1968 டிசம்பர் 25 இரவில் கீழவெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அது நெடுங்காலம் 'கூலித் தகராறு' என்றே பேசப்பட்டது. தகராறு என்றால் இரண்டு தரப்பு. கூலி கேட்டதும் உண்மை. ஆனால் எரிந்தவர்கள் யார், எரித்தவர்கள் யார் என்ற கேள்வி அந்தச் சொல்லுக்குள் கரைந்துபோனது. நிலச்சுவான்தார்கள் உயர் நீதிமன்றத்தில் விடுதலையும் ஆனார்கள்.

இன்றைய செய்தித்தாளை எடுத்துப் பாருங்கள். 'இரு பிரிவினரிடையே மோதல்', 'இரு சமூகத்தினரிடையே பதற்றம்'. எந்தப் பிரிவு, எந்தச் சமூகம் என்பதைச் சொல்லாமல் விடுவது நடுநிலை என்று கருதப்படுகிறது. தேர் இழுக்கப் போனவரும் தடுத்தவரும் அங்கே ஒரே எடையில் நிற்கிறார்கள். 1997-இல் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசன் உள்ளிட்ட ஆறு பேர் வெட்டிக் கொல்லப்பட்டதை 'இரு பிரிவினர் மோதல்' என்று எழுதினால் அந்த வாக்கியத்தில் இலக்கணப்பிழை இருக்காது. உண்மை மட்டும் இருக்காது.

8. நமக்குள் இருக்கும் வித்தியாசம்

இந்தக் கேள்வியை வெளியே மட்டும் கேட்டுவிட்டு நாம் தப்பிக்க முடியாது. 2009-இல் தமிழக அரசு பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காட்டுக்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு தந்தது. 2024 ஆகஸ்ட் 1-இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு இத்தகைய உள் ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்பளித்தது. இதைப் பற்றி நம் அமைப்புகளுக்குள் இன்னும் மனத்தாங்கல் இருக்கிறது. 'தலித் ஒற்றுமையைப் பிளக்கிறார்கள்' என்கிறார்கள் சிலர்.

பேதம் என்ற சொல்லின் வரலாற்றை அறிந்தவர் இங்கே நிறுத்தி நிதானிக்க வேண்டும். இருக்கிற பின்தங்கலை எண்ணிச் சொல்வது பேதம் உண்டாக்குவது ஆகாது. உண்டாக்கப்பட்ட பேதத்தை வெளியே கொண்டுவருவதுதான் அது. மலக்குழிக்குள் இறங்குகிறவர் யார் என்று கேட்டால் ஒற்றுமை கெடும் என்றால், அந்த ஒற்றுமை யாருடைய மௌனத்தின்மேல் நிற்கிறது? ஊர் நம்மிடம் 'பழசைக் கிளறாதே, ஒற்றுமை கெடும்' என்று சொன்னபோது நாம் என்ன பதில் சொன்னோமோ, அந்தப் பதிலை அருந்ததியர் நம்மிடம் சொல்லும்போது கேட்டுக்கொள்ளும் நேர்மை வேண்டும். பண்டிதர் விட்டுப்போன பாதி வேலை இதுதான்.

9. செய்ய வேண்டியது

மாணவ நண்பர்கள், களத்தில் நிற்கும் தோழர்கள் இருவருக்கும் ஒரு எளிய பழக்கத்தைச் சொல்லி முடிக்கிறேன்.

உண்மையறியும் அறிக்கை எழுதும்போதும், புகார் மனு எழுதும்போதும், ஆய்வேடு எழுதும்போதும் ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுவாயைத் தேடுங்கள். 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று எழுதியிருந்தால் யார் மறுத்தார் என்று சேருங்கள். 'குடிநீர் துண்டிக்கப்பட்டது' என்றால் துண்டித்தவர் பெயரையும் பதவியையும் எழுதுங்கள். 'பதற்றம் நிலவுகிறது' என்று முடிக்காதீர்கள். யாருக்கு யாரிடம் பயம் என்று எழுதுங்கள். வேறுபாடு என்று எழுத நேரும்போதெல்லாம், இது வெறும் வேறுபாடா, யாரோ செய்த பாகுபாடா என்று ஒரு கணம் யோசியுங்கள். காவல் நிலையத்தில் எழுதிவாங்கும் முதல் தகவல் அறிக்கையில் இந்த ஒரு சொல் மாறினால் வழக்கே மாறிவிடும் என்பதைக் களத் தோழர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தஞ்சைக் கல்வெட்டை வெட்டியவர் எழுவாயை எழுதவில்லை. ஒன்பது நூற்றாண்டு கழித்து, ராயப்பேட்டையில் ஒரு பைசாவுக்கு விற்ற இதழில், ஒரு சித்த மருத்துவர் அதை எழுதினார். பேதம் உள்ளவர் இவர், அற்றவர் இவர் என்று பெயர் சொல்லி எழுதினார். அந்த எழுவாயை மறுபடி அழியவிடாமல் காப்பது நம் தலைமுறையின் எழுத்துவேலை.

ஜெய் பீம்!